ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் இன்டரப்ட் மறுமொழி நேரம்: எங்கிருந்து எதுவரை அளப்பது?

சுழல்மானி (கேள்வி)

வணக்கம். எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகண்ட்ரோலரில், 168 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில், ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைச் சோதித்து வருகிறேன். மோட்டாரின் என்கோடர் சுற்றுக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. அத்துடிப்பின் ரைசிங் எட்ஜில் வெளிப்புற இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கச் சொல்லும் குறுக்கீடு) எழுகிறது. அதன் ஐஎஸ்ஆர், அதாவது அதைக் கையாளும் செயல்கூறு, ஒரு டாஸ்க்கை எழுப்புகிறது. அந்த டாஸ்க் துடிப்பு வந்ததிலிருந்து 30 மைக்ரோவிநாடிக்குள் அடுத்த கட்டளையை வெளியிட்டாக வேண்டும்.

இதுவரை நான் செய்திருப்பது இவ்வளவுதான்: ஐஎஸ்ஆரில் ஒரு வெளியீட்டுப் பின்னை உயர்த்துகிறேன், டாஸ்க் விழித்ததும் இன்னொரு பின்னை உயர்த்துகிறேன், மூன்று சிக்னல்களையும் ஆசிலாஸ்கோப்பில் பார்க்கிறேன். ஐஎஸ்ஆரின் பின் பெரும்பாலும் ஒரு மைக்ரோவிநாடிக்குச் சற்று மேலே உயர்கிறது. அரிதாக 9 மைக்ரோவிநாடி வரை பிந்துகிறது. டாஸ்க்கின் பின் வழக்கமாக 10 மைக்ரோவிநாடிக்குள் உயர்ந்தாலும், எப்போதாவது 40-ஐத் தாண்டுவதைக் கண்டிருக்கிறேன். சிப்பின் புராசசரான கார்டெக்ஸ்-எம்4-இன் கையேட்டில் இன்டரப்ட் தாமதம் 12 கிளாக் சுழற்சி என்றிருக்கிறது. அது என் கிளாக்கில் சுமார் 71 நானோவிநாடிதான். இந்த மூன்று எண்களுக்கும் இடையில் உள்ள உறவு எனக்கு விளங்கவில்லை.

வாடிக்கையாளரோ அறிக்கையில் "இன்டரப்ட் மறுமொழி நேரம்" என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்கிறார். எதைக் கொடுப்பது? பின்னை உயர்த்தி அளக்கும் முறை நம்பத்தக்கதா? அரிதாக வரும் அந்தத் தாமதங்களின் மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்கோடர் இன்டரப்ட்டின் முன்னுரிமை எண் 5 (எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும்). கெர்னலின், அதாவது இயங்குதளக் கருவின், ஏபிஐ-களை அழைக்க அனுமதிக்கப்பட்ட உச்ச முன்னுரிமையாகவும் அதையே அமைத்திருக்கிறேன். சீரியல் தொடர்பின் இன்டரப்ட்டும் 5-இல்தான் இருக்கிறது.

துடிப்பளவி

ஒரு மறுமொழி நேரத்தைச் சொல்லும்போது அதன் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உங்களிடம் இரண்டு வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன. துடிப்பு பின்னைத் தொட்டதிலிருந்து ஐஎஸ்ஆரின் முதல் கட்டளை வரை ஆவது இன்டரப்ட் தாமதம். துடிப்பிலிருந்து டாஸ்க் தன் வேலையைத் தொடங்கும் வரை ஆவது டாஸ்க் மறுமொழி நேரம். முதலாவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வன்பொருளும், இன்டரப்ட்களை மறைத்துவைக்கும் மென்பொருள் பகுதிகளும். இரண்டாவதில் அவற்றோடு, எந்த டாஸ்க் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் 30 மைக்ரோவிநாடி வரம்பு இரண்டாவது அளவுக்கு உரியது. ஆயினும் இரண்டையும் தனித்தனியே அளந்து வையுங்கள், ஏனென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவற்றின் வேறுபாடுதான் காட்டிக்கொடுக்கும்.

இனி அந்த 12 சுழற்சி. நினைவகம் காத்திருப்பே இல்லாமல் பதிலளிக்கும் என்ற நிபந்தனையின் பேரில், அந்தப் புராசசரை வடிவமைத்த ஆர்ம் நிறுவனம் சொல்லும் எண் அது. அதற்குள் புராசசர் எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளி, வெக்டர் அட்டவணையிலிருந்து முகவரியை எடுத்து, ஐஎஸ்ஆரின் முதல் கட்டளையை எட்டிவிடும். ஆனால் 3.3 வோல்ட்டில் 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது உங்கள் சிப்பின் ஃபிளாஷ் ஐந்து காத்திருப்புச் சுழற்சிகளோடுதான் இயங்குகிறது. அதை மறைக்கச் சிப்பிலேயே கேஷ் இருக்கிறது என்பது உண்மையே. எனினும் வெகுநேரமாக அழைக்கப்படாத ஐஎஸ்ஆரின் கட்டளைகள் அந்தக் கேஷில் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. இதற்கு மேல், நீங்கள் "ஐஎஸ்ஆரின் முதல் வரி" என்று எண்ணுவது அநேகமாக முதல் வரி அன்று. உற்பத்தியாளரின் ஹெச்ஏஎல் (வன்பொருளை அணுக உதவும்) நூலகத்தின் வழியாக வந்தால், உண்மையான ஐஎஸ்ஆர் ஒரு பொதுச் செயல்கூற்றை அழைத்து, அது நிலுவைக் கொடியைச் சரிபார்த்து அழித்து, அதன் பிறகே உங்கள் கால்பேக்கை அழைக்கிறது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் ஒரு மைக்ரோவிநாடி, அதாவது 168 சுழற்சி, கரைந்துபோவதில் வியப்பேதும் இல்லை. பின்னை உயர்த்தும் கட்டளையை ஐஎஸ்ஆரின் உடலிலேயே, நேரடியாக ரெஜிஸ்டரில் எழுதும் ஒற்றை வரியாக வைத்துப் பாருங்கள். அந்த எண் கணிசமாகச் சுருங்கும்.

பின்னை உயர்த்தும் முறை தவறானதன்று, ஆனால் போதாது. உங்கள் சிப்பில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டைமர் 2 என்பது 32 பிட் டைமர். நீங்கள் சொல்லும் கிளாக் அமைப்பில் அது வழக்கமாக 84 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஓர் எண்ணிக்கைக்குச் சுமார் 12 நானோவிநாடியாக, ஓடும். என்கோடர் துடிப்பை அந்த டைமரின் இன்புட் கேப்சர் சேனலுக்கும் கொடுங்கள். துடிப்பு வந்த கணத்தின் எண்ணிக்கையை வன்பொருளே, எந்த மென்பொருளின் தயவும் இல்லாமல், கேப்சர் ரெஜிஸ்டரில் பதிந்துவிடும். ஐஎஸ்ஆர் நுழைந்தவுடன் ஓடும் எண்ணிக்கையைப் படித்து, பதிந்த எண்ணிக்கையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது இன்டரப்ட் தாமதம். டாஸ்க் விழித்ததும் அதே கழித்தலைச் செய்தால் டாஸ்க் மறுமொழி நேரம். குறியில்லா முழு எண்ணாகக் கழித்தால் எண்ணி சுழன்று பூச்சியத்துக்குத் திரும்பினாலும் விடை சரியாகவே வரும். உள்ளீட்டு ஃபில்டரை மட்டும் அணைத்து வையுங்கள். இல்லையேல் அதன் தாமதம் பதிவான கணத்தையே பின்னுக்குத் தள்ளி, விடையை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

பெற்ற மதிப்புகளைச் சராசரியாக்காதீர்கள். ஓர் அணிவரிசையில் நேர இடைவெளிவாரியாக எண்ணிக்கையைக் கூட்டி ஹிஸ்டோகிராமாக வைத்துக்கொண்டு, குறைந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்றிலிருந்து அதை வெளியே அனுப்புங்கள்.

நள்ளிரவுஸ்கோப்

துடிப்பளவி சொன்னதோடு உடன்படுகிறேன். ஸ்கோப்பைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். டிஜிட்டல் ஸ்கோப் ஒரு டிரிகரைப் பதிந்த பிறகு அடுத்ததற்கு ஆயத்தமாகும் வரை குருடாகவே இருக்கிறது. நினைவக ஆழத்தை அதிகமாக வைத்திருந்தால் அந்தக் குருட்டு நேரம் இன்னும் நீளும். ஆயிரத்தில் ஒன்றாக வரும் தாமதம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால் நீங்கள் அதைக் காணவே மாட்டீர்கள். பர்சிஸ்டென்ஸை முடிவிலியாக வைத்து இரவெல்லாம் ஓடவிட்டாலும், திரையில் தெரிவது ஸ்கோப் பிடித்த துடிப்புகள் மட்டுமே. கேப்சர் முறையில் ஒவ்வொரு துடிப்பும் கணக்கில் வந்துவிடுகிறது. ஸ்கோப்பை, கேப்சர் முறை சரியாக வேலை செய்கிறதா என்று ஒத்துப்பார்க்க வைத்துக்கொள்ளலாம். மலிவான 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர்கள் இதற்கும் ஆகா; அவற்றின் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 42 நானோவிநாடி, அதாவது உங்கள் புராசசரின் ஏழு சுழற்சிகள், ஓடிவிடுகின்றன.

அளக்கும் கருவியைவிடத் தூண்டும் துடிப்பில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். சோதனை மேடையில் மோட்டாருக்குப் பதிலாக அதே சிப்பின் இன்னொரு டைமரிலிருந்து துடிப்பை உண்டாக்கி, அதை ஒரு மில்லிவிநாடிக்கு ஒன்றாக வைத்தால், அது கெர்னலின் டிக்கோடு (சீரான இடைவெளியில் அடிக்கும் அதன் கடிகார இன்டரப்ட்டோடு) எப்போதும் ஒரே கட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். டிக் ஐஎஸ்ஆர் ஓடும் கணத்தில் துடிப்பு ஒருபோதும் வராது, அல்லது எப்போதும் அப்போதே வரும். இரண்டு நிலையிலும் உங்கள் ஹிஸ்டோகிராம் அழகான ஒற்றைக் கூம்பாக, முற்றிலும் பொய்யாக இருக்கும். ஃபிரீஆர்டிஓஎஸ்-இன் கார்டெக்ஸ்-எம்4 போர்ட்டில் டிக் ஐஎஸ்ஆர், டிக்கை உயர்த்தும் செயல்கூறு முடியும் வரை குறித்த முன்னுரிமையிலும் அதற்குக் கீழும் உள்ள இன்டரப்ட்களை மறைக்கும் பேஸ்பிரை ரெஜிஸ்டரை உயர்த்தி வைத்திருக்கும். அந்த டிக்கில் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டிய டாஸ்க்குகள் எத்தனை உண்டோ அதற்கேற்ப அந்த மறைப்பு நேரம் நீளும். முன்னுரிமை 5-இல் உள்ள உங்கள் இன்டரப்ட் அதுவரை வாசலிலேயே நிற்கும். எனவே தனிப் படிகக் கடிகாரம் கொண்ட சிக்னல் ஜெனரேட்டரைப் பயன்படுத்தி, 1000 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 997 ஹெர்ட்ஸ் போன்ற ஒட்டாத அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு துடிப்பும் டிக்கை விட்டுச் சுமார் 3 மைக்ரோவிநாடி நகர்ந்து, விநாடிக்குள் டிக்கின் எல்லாக் கட்டங்களையும் தொட்டுச் செல்லும். இடைவெளியையே தற்போக்காக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

சுமை இல்லாமல் அளக்கவும் வேண்டாம். சீரியல், திரை, கோப்புப் பதிவு, வலைப்பின்னல் என்று களத்தில் ஓடப்போகிற அனைத்தும், களத்தில் இருப்பதைவிடக் கூடுதலான வேகத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கட்டும்.

சுழல்மானி

இருவருக்கும் நன்றி. கேப்சர் முறைக்கு மாறி, வெளி ஜெனரேட்டரில் 997 ஹெர்ட்ஸ் வைத்து, எல்லாச் சுமையோடும் ஓர் இரவு ஓடவிட்டேன். இன்டரப்ட் தாமத ஹிஸ்டோகிராமில் முக்கியக் கூம்பு இப்போது அரை மைக்ரோவிநாடிக்கும் கீழே இருக்கிறது. அதன் வலப்புறம் 2 மைக்ரோவிநாடி வரை ஒரு வால் இறங்குகிறது, அதற்கப்பால் வெற்றிடம், பிறகு 9 மைக்ரோவிநாடிக்கு அருகில் சிறிய தனிக் கூம்பு ஒன்று எழுகிறது. டாஸ்க் மறுமொழி நேரத்தில் 40-ஐத் தாண்டும் நிகழ்வுகள் நடந்த துடிப்புகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றின் இன்டரப்ட் தாமதம் முற்றிலும் இயல்பாகவே இருந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

துடிப்பளவி

கடைசி வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஐஎஸ்ஆர் சரியான நேரத்தில் ஓடி, டாஸ்க் மட்டும் பிந்துகிறது என்றால், அங்கே இன்டரப்ட்டை எவரும் மறைக்கவில்லை. ஷெட்யூலரைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் ஷெட்யூலரை இடைநிறுத்தும் ஏபிஐ இன்டரப்ட்களைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் உங்கள் ஐஎஸ்ஆர் டாஸ்க்கை எழுப்பினால், அது தயார்ப் பட்டியலுக்குச் செல்லாமல் நிலுவைப் பட்டியல் ஒன்றில் வைக்கப்பட்டு, ஷெட்யூலர் மீண்டும் தொடங்கும்போதுதான் உண்மையில் ஓடத் தகுதி பெறுகிறது. நினைவக ஒதுக்கீட்டுக்கான ஹீப்_4 திட்டம் ஒதுக்கும்போதும் விடுவிக்கும்போதும் இதைத்தான் செய்கிறது. காலித் துண்டுகளின் பட்டியலில் நடந்து தேடும் நேரம் ஹீப் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே மிகக் குறைந்த முன்னுரிமையில் உள்ள பதிவு டாஸ்க் ஒன்று மெமரி கேட்டால்கூட, உங்கள் உச்ச முன்னுரிமை டாஸ்க் அதற்காகக் காத்திருக்க நேரும். முதலில் அங்கே தேடுங்கள்.

இதோடு, சற்றே சிறிய இன்னொரு காரணமும் உண்டு. மிதவைப் புள்ளிக் கணக்கு செய்யும் டாஸ்க்கிலிருந்து வெளியேறும்போது, டாஸ்க் மாற்றத்தைச் செய்யும் பெண்ட்எஸ்வி இன்டரப்ட் கூடுதலாகப் பதினாறு மிதவை ரெஜிஸ்டர்களைச் சேமிக்கிறது. அதன் முதல் மிதவைக் கட்டளை, வன்பொருள் சோம்பல் முறையில் தள்ளிப்போட்டிருந்த சேமிப்பையும் அப்போதே நிறைவேற்றத் தூண்டுகிறது. இது ஒரு மைக்ரோவிநாடிக்கும் குறைவான வேறுபாடுதான், 40-க்கு இது காரணமாகாது. ஆனால் டாஸ்க் ஹிஸ்டோகிராமில் இரட்டைக் கூம்பு தென்பட்டால் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த 9 மைக்ரோவிநாடிக் கூம்பு. அது வாலாக இல்லாமல் தனித்து நிற்பதால், ஏறக்குறைய நிலையான நீளம் கொண்ட ஏதோ ஒரு மறைப்புப் பகுதியே காரணமாக இருக்க வேண்டும். அதைப் பிடிக்க, தாமதம் 5 மைக்ரோவிநாடியைத் தாண்டும்போது மட்டும், இன்டரப்ட் வந்த கணத்தில் வன்பொருள் ஸ்டாக்கில் தள்ளிய புரோகிராம் கவுண்டரை ஐஎஸ்ஆருக்குள்ளிருந்து படித்துச் சேமியுங்கள். வன்பொருள் தள்ளும் எட்டு இடங்களில் ஏழாவது அதுவே. இடைமறிக்கப்பட்டது ஒரு டாஸ்க் என்றால் அந்தச் சட்டகம் டாஸ்க்கின் ஸ்டாக்கில் இருக்கும். அந்த ஸ்டாக் பாயிண்டரை ஐஎஸ்ஆரின் சொந்தப் பயன்பாடு மாற்றுவதில்லை என்பதால் சி மொழியிலிருந்தே எளிதாகப் படிக்கலாம். இன்னொரு ஐஎஸ்ஆர் இடைமறிக்கப்பட்டிருந்தால் சட்டகம் முதன்மை ஸ்டாக்கில் இருக்கும். அப்போது சிறிய அசெம்பிளி உறை தேவைப்படும். இரண்டில் எது என்பதை லிங்க் ரெஜிஸ்டரில் உள்ள திரும்பும் மதிப்பின் 2-ஆம் பிட் சொல்லும்.

சேமித்த முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால், அந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் எவரோ இன்டரப்ட்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முகவரிகள் நிரலெங்கும் சிதறிக் கிடந்தால் குற்றவாளி வேறு. அதே முன்னுரிமையில் உள்ள சீரியல் ஐஎஸ்ஆர் முடிந்ததும், ரெஜிஸ்டர்களை எடுத்து மீண்டும் தள்ளாமல் புராசசர் நேரே உங்கள் ஐஎஸ்ஆருக்குத் தாவியிருக்கிறது. டெயில் செயினிங் எனப்படும் அந்தத் தாவலில் ஸ்டாக்கில் இருப்பது சீரியல் இன்டரப்ட் இடைமறித்த அப்பாவி டாஸ்க்கின் முகவரி. இந்த வேறுபாடு தெரியாமல் அந்த முகவரியில் உள்ள நிரலைக் குறைகூறுவது பொதுவாக நடக்கும் ஒன்று.

கெர்னல்வாசி

நான் லினக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்களிடமும் இதே குழப்பம் உண்டு. லினக்ஸை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் பிரீஎம்ப்ட்_ஆர்டி 2024-இல் 6.12 பதிப்போடு முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது முதல், சைக்ளிக்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஐந்து நிமிடம் ஓட்டி அதன் உச்ச எண்ணை "இன்டரப்ட் தாமதம்" என்று வெளியிடுவோர் பெருகிவிட்டார்கள். சைக்ளிக்டெஸ்ட் அளப்பது அதையன்று. குறித்த நேரத்தில் விழிப்பதாகச் சொல்லித் தூங்கும் திரெட், உண்மையில் எப்போது விழித்தது என்ற வேறுபாட்டையே அது அளக்கிறது. டைமர் வன்பொருள், இன்டரப்ட், ஷெட்யூலர் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் துடிப்பின் பாதை அதில் இல்லவே இல்லை. எக்ஸ்86 கணினிகளில் எஸ்எம்ஐ என்ற மேலாண்மை இன்டரப்ட் இயங்குதளத்துக்குத் தெரியாமலே புராசசரைப் பிடுங்கிக்கொள்வதால், அதைக் கண்டறிய வன்பொருள் தாமதச் சோதனையைத் தனியாக ஓட்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஓஎஸ்ஏடிஎல் அமைப்பு தன் சோதனைக் கணினிகளில் 200 மைக்ரோவிநாடி இடைவெளியில் 10 கோடி சுழற்சிகள், அதாவது ஒரு தடவைக்கு ஐந்தரை மணிநேரத்துக்கும் மேல், ஓட்டுவது காரணமின்றி அல்ல.

சராசரி என்ற பொறியும் புதிதன்று. 1989-இல் முன்மொழியப்பட்ட ரியல்ஸ்டோன் அளவுகோல், இன்டரப்ட் தாமதம் உள்ளிட்ட ஆறு அளவுகளின் சராசரிகளை ஒரே மதிப்பெண்ணாகத் திரட்டியது. தயாரிப்புகளை ஒப்பிட அது வசதியாக இருக்கலாம். ஒரு காலக்கெடு தவறாது என்று காட்ட உதவாது.

கேள்வியாளரின் வாடிக்கையாளருக்கு என் பரிந்துரை எளியது: அளந்த உச்சத்தோடு பாதியைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நள்ளிரவுஸ்கோப்

கெர்னல்வாசியின் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. பாதி என்ற எண் எங்கிருந்து வந்தது? ஓர் இரவில் கண்ட உச்சம் என்பது உண்மையான உச்சம் அதற்குக் கீழே இல்லை என்று மட்டுமே சொல்லும். அந்த 9 மைக்ரோவிநாடித் தாமதமும் 2 மைக்ரோவிநாடித் தாமதமும் ஒரே கணத்தில் சேர்ந்து நேரும் நாள் அந்த இரவில் வராமல் போயிருக்கலாம். லினக்ஸ் போன்ற பெரிய கெர்னலில் எல்லாப் பாதைகளையும் எண்ணிப் பார்க்க இயலாது என்பதால் நீண்ட அளவீடும் ஒரு கூடுதல் விளிம்பும் தவிர வேறு வழி அரிது, அதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே இருப்பதோ சில ஆயிரம் வரிகள் கொண்ட கெர்னலும் எண்ணிவிடத்தக்க சில ஐஎஸ்ஆர்களும். ஒவ்வொரு மறைப்புப் பகுதியின் நீளத்தையும் புராசசரிலேயே உள்ள டிடபிள்யூடி சுழற்சி எண்ணியால் தனித்தனியே அளந்து, என்கோடர் இன்டரப்ட்டைத் தடுக்கக்கூடியவற்றில் மிக நீண்டதையும், அதே அல்லது மேலான முன்னுரிமையில் உள்ள ஐஎஸ்ஆர்களின் நேரத்தையும், நுழைவுச் செலவையும் கூட்டுங்கள். அப்படிக் கிடைக்கும் எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கும். அளந்த உச்சம் அதைத் தாண்டினால் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

சுழல்மானி

முகவரிகளைச் சேமித்துப் பார்த்தேன். 9 மைக்ரோவிநாடி நிகழ்வுகள் அனைத்தும் ஒரே முகவரியில் குவிந்தன. காட்சித்திரையோடு வந்த டிரைவர் நூலகம், ஒரு கட்டளைத் தொடரை அனுப்பும்போது கெர்னலின் கிரிட்டிக்கல் செக்ஷனைப் பயன்படுத்தாமல், பிரைமாஸ்க் ரெஜிஸ்டரின் வழியே எல்லா இன்டரப்ட்களையும் ஒட்டுமொத்தமாக மூடிவைக்கிறது. அந்த இடத்தை மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) ஒன்றால் மாற்றியதும் தனிக் கூம்பு மறைந்தது. டாஸ்க்கின் 40 மைக்ரோவிநாடித் தாமதம், பதிவு டாஸ்க் ஒவ்வொரு வரிக்கும் ஹீப்பில் இடம் கேட்டதால் வந்தது. நிலையான இடையகங்களுக்கு மாற்றிய பின் உச்சம் 14 மைக்ரோவிநாடியில் நிற்கிறது. நள்ளிரவுஸ்கோப் சொன்னபடி கூட்டிப் பார்த்ததில் 19 வருகிறது. அறிக்கையில் இரண்டையும், கிளாக், கம்பைலர் அமைப்பு, சுமை, அளந்த கால அளவு ஆகியவற்றோடு எழுதவிருக்கிறேன்.

இன்னும் ஓர் ஐயம். என்கோடர் இன்டரப்ட்டை முன்னுரிமை 4-க்கு உயர்த்தினால் கெர்னலின் மறைப்புகளிலிருந்தும் அது விடுபடும் அல்லவா?

துடிப்பளவி

விடுபடும், ஆனால் உங்கள் டாஸ்க்குக்கு அதனால் பயனில்லை. கெர்னலின் உச்ச ஏபிஐ முன்னுரிமைக்கு மேலே சென்ற ஐஎஸ்ஆர் எந்தக் கெர்னல் ஏபிஐ-யையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் கெர்னல் தன் பட்டியல்களை மாற்றிக்கொண்டிருக்கும் நடுவிலேயே நீங்கள் கைவைப்பீர்கள். டாஸ்க்கை எழுப்ப வேண்டுமானால், பயன்படாத இன்டரப்ட் எண் ஒன்றை முன்னுரிமை 5-இல் வைத்து, 4-இல் உள்ள ஐஎஸ்ஆர் அதை என்விஐசி (இன்டரப்ட் கட்டுப்படுத்தி) வழியாக நிலுவைக்கு உயர்த்த வேண்டும். அறிவிப்பை அந்த இரண்டாவது ஐஎஸ்ஆர் கொடுக்கும். டாஸ்க் மறுமொழி நேரம் இதனால் சற்றுக் கூடவே செய்யும். துடிப்பு வந்ததும் செய்ய வேண்டிய அவசரப் பகுதி, எடுத்துக்காட்டாக மோட்டாருக்கான ஒரு பிடபிள்யூஎம் (துடிப்பு அகல) மதிப்பை எழுதுவது, டாஸ்க் இல்லாமல் ஐஎஸ்ஆரிலேயே முடிந்துவிடும் என்றால் மட்டும் இந்த மாற்றம் பொருளுடையது. எப்படிச் செய்தாலும் சோதனைக் காலத்தில் கான்ஃபிக்அசர்ட் என்ற கெர்னலின் பிழைச் சோதனையை இயக்கி வையுங்கள்; தவறான முன்னுரிமையிலிருந்து ஏபிஐ அழைக்கப்பட்டால் கார்டெக்ஸ்-எம்4 போர்ட் அங்கேயே நின்று காட்டிக்கொடுக்கும். இறுதி அளவீட்டை எடுக்கும்போதோ, களத்துக்குச் செல்லும் பைனரியில் அந்த அசர்ட் எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில் வைத்து அளக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சோதனையும் ஒவ்வோர் அழைப்பிலும் சில சுழற்சிகளை எடுத்துக்கொள்கிறது.